கடற்கரை ஜலமும் பட்டாளத்து ஜீப்பும்

காரைக்கால் பிரதேசத்தில் மலை கிடையாது, குன்றும் கிடையாது. வடக்கே கோட்டுச்சேரி தொடங்கித் தெற்கே திருமலைராயன்பட்டினம் வரையிலும், கடற்கரை தொடங்கி மேற்கே திருநள்ளாறு, நெடுங்காடு வரையிலும் எங்கு நோக்கினும் வயலும் வாய்க்காலும் பாலமுமாகச் சமதரையே விரிந்து கிடக்கிறது. அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராயனாறு என்று காவிரியின் கடைசிக் கிளைகள் இந்தச் சிறு நிலத்தைக் கடந்தே சமுத்திரத்தை அடைகின்றன. ஏற்றமென்பதே இல்லாத இப்படிப்பட்ட பூமியில், மணலையும் சேற்றையும் மலைச்சரிவையும் கடப்பதற்கென்றே வகுக்கப்பட்ட ஒரு ஜீப் வண்டி, சித்திரை வெயிலில் 10 மைல் போவதற்குள் ரேடியேட்டர் மூடி வழியே ஆவியைக் கக்கிக்கொண்டு சாலையோரத்துப் புளியமரத்தடியில் நின்றுவிடுகிறது என்றால், அது ஆராயத்தக்க விஷயமே.

இந்நோய்க்குப் பட்டறைகளில் வழங்கும் சிகிச்சைகள் பல. ரேடியேட்டரை மாற்று என்பார் ஒரு சாரார். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறி என்பார் மற்றொரு சாரார். பெரிய விசிறி வைத்தால் சரியாகிவிடும் என்றும், கார்க் கம்பெனிகளின் புதுமாதிரி மூடியைப் போட்டால் கொதியே வராது என்றும், எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றிவிடுவதே புத்திசாலித்தனம் என்றும் சொல்வோர் உண்டு. இவை ஒவ்வொன்றிலும் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் நோய் குடியிருப்பது பெரும்பாலும் இன்ஜின் பிளாக்கின் உட்சுவரில். அதை அங்கே குடியேற்றியது இந்தக் கரையின் ஜலம் என்பதே என் அபிப்பிராயம்.

பழைய பட்டாள வண்டி என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது ஒன்றுக்கு மேற்பட்ட வம்சங்களைச் சேர்த்தே சொல்கிறோம். முதலாவது, இரண்டாம் உலக யுத்தத்தில் வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் ஒரே வரைபடத்தின்படி ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளிய ஜீப். யுத்தம் முடிந்ததும் உபரிச் சாமானாக விலைக்குப் போன வண்டிகளில் பல இந்தியாவிலேயே தங்கிவிட்டன. இரண்டாவது, பம்பாயில் மகிந்திரா கம்பெனியார் 1947 முதல் வில்லிஸ் வண்டிகளைப் பூட்டத் தொடங்கி, பின்னர் இங்கேயே தயாரித்து இராணுவத்துக்கும் போலீசுக்கும் சர்க்கார் இலாகாக்களுக்கும் கொடுத்த உயர்ந்த முகப்புடைய சி.ஜே.3பி. மூன்றாவது, ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் நிஸ்ஸான் உரிமத்தின் பேரில் செய்யப்பட்டு, 1999-ல் உற்பத்தி நிறுத்தப்பட்ட ஜோங்கா. இவற்றுள் முதலிரண்டும் தஞ்சை மண்ணுக்கு மிகப் பரிச்சயமானவை. 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் ஆரம்பமானதிலிருந்து கிராமத்துக்கு அதிகாரி வருகிறார் என்பதற்கு அடையாளமே ஜீப்பின் புழுதிதான் என்றிருந்த காலம் ஒன்று இருந்தது. காரைக்காலுக்கோ இன்னொரு வழியிலும் இந்த வண்டியோடு உறவு உண்டு. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் சேவகம் செய்துவிட்டு ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிய சொல்தாக்கள் இவ்வூர்த் தெருக்களில் இருந்தார்கள். இந்தோசீன யுத்தத்தில் பிரெஞ்சுக்காரர் ஓட்டியதும் இதே அமெரிக்க ஜீப்தான். பிற்பாடு 1955 முதல் ஹாட்ச்கிஸ் கம்பெனி அதையே உரிமத்தின் பேரில் பிரான்சில் செய்துகொடுத்தது.

இனி வண்டியின் உள்ளமைப்புக்கு வருவோம். யுத்தகால ஜீப்பின் நான்கு சிலிண்டர் இன்ஜின் 134 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.2 லிட்டர் கொள்ளளவும் 60 குதிரைசக்தியும் உடையது. அதன் வால்வுகள் இக்காலத்து இன்ஜின்களில் உள்ளதுபோல் ஹெட்டில் அமையாமல், சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே அமைந்திருக்கின்றன. ஆகவே எரிந்து முடிந்த வாயு நேரே வெளியேறாமல் பிளாக்கின் வயிற்றுக்குள்ளேயே ஒரு திருப்பம் திரும்பி, சூழ்ந்திருக்கும் ஜலத்துக்குத் தன் உஷ்ணத்தில் ஒரு பகுதியைத் தானமாகக் கொடுத்துவிட்டே புகைக்குழாயை அடைகிறது. சி.ஜே.3பி-யின் இன்ஜினில் உள்ளிழுக்கும் வால்வு ஹெட்டுக்கு ஏறிவிட்டதாயினும் வெளியேற்றும் வால்வு பழைய இடத்திலேயே இருந்தபடியால் இந்தச் சுமை அதற்கும் குறைந்ததில்லை. இவ்வளவு உஷ்ணத்தையும் சுமந்து சென்று காற்றில் விடவேண்டிய ஜலம் மொத்தம் சுமார் பத்தரை லிட்டர். சக்திக்குத் தக்க அளவில் ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் சரியாகவே வகுக்கப்பட்டவை. வடஆப்பிரிக்காவின் பாலைவனத்திலும் பர்மாவின் காடுகளிலும் ஓடி நிரூபித்தவை. புதிதாக இருந்தபோது அங்கே சளைக்காமல் ஓடிய வண்டி எழுபது எண்பது வருஷம் கழித்துக் காரைக்காலில் கொதிக்கிறது என்றால், இடையில் ஏதோ மாறியிருக்கவேண்டும்.

மாறியது பிளாக்கின் உட்புறம். கிணற்று ஜலத்தில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து சூடேறியதும் கரையாத கார்பனேட்டாக மாறி, வெந்நீர்த் தவலையின் உட்புறத்தில் படிவதுபோல், சிலிண்டர்ச் சுவரின் வெளிப்புறத்தில் படிகிறது. வார்ப்பிரும்பு உஷ்ணத்தைக் கடத்தும் சக்தியில் இந்தப் படிவுக்கு இருப்பது சுமார் இருபதில் ஒரு பங்குதான். ஆகவே நாணயத் தகட்டின் கனத்துக்குப் படிவு ஏறினாலும், அந்த இடத்தில் இரும்புச் சுவரின் கனத்தையே பன்மடங்காக்கியதற்கு ஒப்பாகும். ரேடியேட்டர் எவ்வளவு புதிதாக இருந்தும் பயன் என்ன? உஷ்ணம் ஜலத்தை வந்தடைந்தால் அல்லவா ரேடியேட்டருக்கு வேலை!

இங்கே ஒரு கணக்கைக் கவனிப்பது அவசியம். லிட்டருக்கு அரை கிராம் கடினப்பொருள் உள்ள ஜலம் என்று வைத்துக்கொள்வோம். பத்தரை லிட்டரை ஒருமுறை நிரப்பி மூடிவிட்டால் உள்ளே சேர்வது 5 கிராமுக்குச் சற்று அதிகம். அதனால் பெரிய கேடு விளைவதில்லை. ஆனால் ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்தோ, பம்பின் சீல் தேய்ந்தோ, மூடியின் ரப்பர் வெடித்தோ நாள்தோறும் ஒரு லிட்டர் ஆவியாகிப் போக, டிரைவர் நாள்தோறும் ஒரு லிட்டர் ஊற்றி வருவாரானால், போவது சுத்த ஆவி, தங்குவது சுண்ணாம்பு. வருஷ முடிவில் 180 கிராமுக்கு மேல் உள்ளே இறங்கியிருக்கும். சிறிய ஒழுக்கை அலட்சியம் செய்து, 'இந்த வண்டி கொஞ்சம் தண்ணி குடிக்கும்' என்று சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்கில் ஓட்டுகிற வழக்கந்தான் பழைய ஜீப்புகளுக்கு யமனாக வாய்த்தது.

டெல்டாவின் பஞ்சாங்கமும் இதற்கு உடந்தையாகிறது. மேட்டூர் அணை திறக்கும் சம்பிரதாய நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில், அதாவது அக்கினி நட்சத்திரம் தகிக்கும் காலத்தில், கடைமடை வாய்க்கால்கள் வறண்டு கிடக்கும். வண்டி மிகுதியாகத் தண்ணீர் கேட்பதும் அப்போதே. கைக்கெட்டுவது போர்வெல் ஜலம் மாத்திரமே என்பதும் அப்போதே. கடலோரத்தில் அந்த ஜலம் கடினமாக மட்டுமின்றி உப்பாகவும் இருக்கிறது. உப்பு சேர்ந்த ஜலம் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், பித்தளையும் செம்புமான ரேடியேட்டருக்கும் இரும்புப் பிளாக்குக்கும் இடையே ஒரு மந்தமான பாட்டரி வேலை செய்யத் தொடங்கி, இரும்பு அரிக்கப்படுகிறது. அரித்த துரு, பம்பு முன்னால் இருப்பதால் ஓட்டம் குறைந்த பின்கோடியில், நாலாவது சிலிண்டரைச் சுற்றிச் சேறாகத் தங்கிவிடுகிறது. முன் சிலிண்டர்கள் சுகமாக இருக்க, பின் சிலிண்டர் மட்டும் வேகும். உஷ்ணமானி முள் நடுவில் நிற்கும்போதே பின்பக்கத்து வால்வு எரிந்துபோன வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

ஆகையால் பழுதுபார்க்க முற்படுபவர் முதலில் எதையும் கழற்றாமல் சில பரீட்சைகளைச் செய்வது நல்லது. இன்ஜின் குளிர்ந்திருக்கையில் மூடியைத் திறந்து, ஃபேன் பெல்டைக் கழற்றிவிட்டு, இன்ஜினை ஒரு நிமிஷம் மட்டும் ஓட்டிப் பார்க்கவேண்டும். பம்பு சுற்றாத அந்த நிலையில் மேல்தொட்டி ஜலத்தில் குமிழிகள் விடாமல் எழுந்தால், எரிந்த வாயு ஹெட் கேஸ்கட்டைக் கடந்தோ வெடிப்பு வழியாகவோ உள்ளே புகுகிறதென்று அறியலாம். அப்படியானால் ரேடியேட்டருக்குச் செலவிடும் பணம் விரயமே. அடுத்தபடி இக்னிஷன் காலத்தைப் பார்க்கவேண்டும். பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 5 டிகிரி முன்னதாகப் பொறி விழவேண்டிய இந்த இன்ஜினில் அது தாமதித்து விழுந்தால், எரிதல் புகைவழியிலும் தொடர்ந்து, பிளாக் அனாவசியமாகச் சூடேறும். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுவதும், கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாகக் கலப்பதும் இதே பலனைத் தரும். இவ்வளவும் சரியாக இருந்து, வேகமாகப் போகையில் மட்டும் சூடேறினால் அடைப்பு என்றும், நின்று ஊர்ந்து போகையில் மட்டும் சூடேறினால் காற்றோட்டக் குறை என்றும் பொதுவாகக் கொள்ளலாம். சனிப்பெயர்ச்சிக் காலத்தில் திருநள்ளாற்றுச் சாலையில் முதல் கியரிலேயே ஊர்ந்து செல்ல நேர்கிற ஜீப்புக்கு அந்த நெரிசலே மலையேற்றம்.

காற்றோட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. சம்பா அறுவடை முடிந்ததும் தார்ச்சாலையையே களமாக்கி நெல்லைக் காயப்போடுவதும், வைக்கோலைப் பரப்பி வண்டிச் சக்கரங்களையே போரடிக்க விடுவதும் இங்கே நெடுநாள் வழக்கம். அதன்மேல் ஓடுகிற ஜீப் பதரையும் தூசியையும் தன் ரேடியேட்டர் முகத்தில் வாங்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பின்புறத்திலிருந்து, விசிறிப் பக்கமாகக் குறைந்த விசையில் நீரைப் பீய்ச்சினால் முன்பக்கம் கொட்டுகிற குப்பையைக் கண்டு சொந்தக்காரர் ஆச்சரியப்படுவார். அப்படிக் கழுவுகையில் செப்புத் தகட்டு இதழ்களை விரலால் மெதுவாக வருடிப் பார்க்கவும் வேண்டும். உப்புக்காற்று பட்ட ரேடியேட்டரில் இதழ்கள் உருவத்தில் முழுமையாகவே நின்றாலும், குழாயோடு அவற்றைப் பிணைக்கும் ஈயப்பற்று அற்றுப்போய், தொட்டவுடன் பச்சைப் பொடியாக உதிரும். அது ஒழுகாத ரேடியேட்டர்தான். ஆனால் உஷ்ணத்தை வெளியேற்றாத ரேடியேட்டர்.

பிளாக்கைச் சுத்தம் செய்வதே சிகிச்சையின் இதயம். அதைச் செய்யாமல் புது ரேடியேட்டரை மாட்டுவது, பிளாக்கில் உள்ள சேறு அனைத்தையும் புதுக் குழாய்களுக்குள் கொண்டுபோய் அடைப்பதற்கே உதவும். பக்கவாட்டில் தட்டி ஏற்றியிருக்கும் வெல்ஷ் பிளக்குகளைப் பெயர்த்தெடுத்து, அந்தத் துவாரங்கள் வழியாக வளைந்த கம்பிகொண்டு பின்கோடியைச் சுரண்டி, கெட்டியான துருச்சேற்றை முதலில் கையால் வெளியேற்றவேண்டும். எந்த அமிலமும் இந்த வேலையைத் தானே செய்துவிடாது. பின்னர் சலவைச் சோடாவால் எண்ணெய்ப் பசையைப் போக்கி, சிட்ரிக் அமிலத்தையோ ஆக்ஸாலிக் அமிலத்தையோ வெதுவெதுப்பான நீரில் கரைத்து நிரப்பி, படிவு கரையும் வரை வைத்திருந்து, திரும்பவும் சோடா நீரால் அமிலத்தின் மிச்சத்தை அடக்கி, ஜலம் தெளிந்து வரும்வரை கழுவவேண்டும். அவசரத்துக்குக் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது சுண்ணாம்பைக் கரைப்பது மெய். அத்துடன் இரும்பையும் பற்றாசையும் கரைத்து, இதுவரை துருவே தாங்கிப் பிடித்திருந்த ஓட்டைகளையெல்லாம் ஒரே நாளில் திறந்து காட்டிவிடும். யுத்தகாலத்து டாட்ஜ் பட்டாள லாரி வைத்திருப்பவருக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு: அதன் ஆறு சிலிண்டர் இன்ஜினில் பம்புக்குப் பின்னால் பிளாக்கின் நீளத்துக்கும் செருகப்பட்டிருக்கும் ஜலப் பகிர்வுக் குழாய் துருப்பிடித்து உளுத்துப்போயிருக்கும், அதை உருவியெடுத்துப் புதிது செருகாவிட்டால் பின்பக்கத்து வால்வுகளுக்கு மோட்சமில்லை.

ரேடியேட்டர்ப் பட்டறையில் நடப்பது கண்கொண்டு பார்க்கத்தக்க வேலை. தொட்டிக்கும் கோருக்கும் இடையிலுள்ள தையலில் தீநாக்கைச் சீராக ஓட்டிப் பழைய ஈயத்தை உருக்கி, தொட்டியைத் தட்டாமலும் இழுக்காமலும் அது தானாக நெகிழும் கணத்தில் தூக்கியெடுப்பார் கைதேர்ந்தவர். மெல்லிய எஃகுப் பட்டையை ஒவ்வொரு தட்டைக் குழாயிலும் விட்டு அடைப்பைத் தள்ளுவார். பட்டை போகாத குழாய் எத்தனை என்பதைப் பொறுத்துத்தான் கோர் பிழைக்குமா, புதுக் கோர் கட்டவேண்டுமா என்பது தீர்மானமாகும். சூடான இரும்பை நவச்சாரக் கட்டியில் தேய்க்க, வெண்புகை எழுந்து அதன் முனை பளபளக்கும். அந்தப் பளபளப்பில்தான் பற்றாசு ஒட்டும். தொட்டியை மீண்டும் பொருத்திய பின், ஒரு வாயை அடைத்து மறு வாயில் காற்றேற்றி, முழு ரேடியேட்டரையும் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டு திரும்பவும் பற்றவைப்பார். கும்பகோணமும் நாச்சியார்கோயிலும் பக்கத்திலிருக்கப் பித்தளை வேலைக்கு இப்பிரதேசத்தில் பஞ்சமில்லை என்றாலும், குத்துவிளக்கு வார்க்கும் கைக்கும் காகிதக் கனமுள்ள குழாயைப் பற்றவைக்கும் கைக்கும் பயிற்சி வேறு, பின்னது அருகிவருகிறது. வழியில் ஒழுகினால் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றுவதும் சலவைச் சோப்பை அப்புவதும் வீடு வந்துசேர உதவும் தந்திரங்கள். வந்துசேர்ந்த பிறகும் அவற்றை உள்ளேயே விட்டுவைப்பவர் அடுத்த அடைப்புக்குத் தாமே விதை போடுகிறார்.

அலுமினிய ரேடியேட்டர் போடலாமா என்ற விவாதம் இப்போது பரவலாக நடக்கிறது. உலோகமென்று பார்த்தால் செம்பு உஷ்ணத்தை அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். எடையிலும் விலையிலும் அலுமினியம் ஜெயிக்கிறது. ஆனால் ஓடும்போது உதறுகிற பழைய சட்டத்தில், பிளாஸ்டிக் தொட்டி இறுக்கிய அலுமினிய ரேடியேட்டர் விரிசல் விட்டால் சிற்றூர்ப் பட்டறையில் அதற்கு வைத்தியமில்லை. பித்தளைக்கோ எந்த ஊரிலும் வைத்தியமுண்டு. பட்டாள வண்டியின் முதல் இலட்சணமே களத்தில் பழுதுபார்க்க முடிவது என்பதால், என் ஓட்டு பித்தளைக்கே.

பம்பு, பெல்ட், ஹோஸ் ஆகியவற்றைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. பம்பின் அடியிலுள்ள சிறு துவாரத்தில் ஈரம் கண்டால் சீல் போய்விட்டது. பெல்ட் கட்டைவிரலுக்கு அரை அங்குலம் அளவு இளகவேண்டும். கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நைந்திருக்கலாகாது.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் மட்டும் ஊரெங்கும் ஒரு மூடநம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. யுத்தகால ஜீப்பில் இருந்தது சுமார் 150 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 65 டிகிரி சென்டிகிரேடில் திறக்கத் தொடங்குவது. முழுதும் திறந்த பின் அது ஓட்டத்தைத் தடுப்பது அற்பமே. ஆகவே அதைப் பிடுங்குவதால் கொதிக்கிற வண்டி குளிர்ந்துவிடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்ஜின் சூடேறாமலே ஓடி, எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து, சிலிண்டர் தேய்வதுதான் மிச்சம். திறக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால் ஒரு பாத்திரத்து நீரில் நூலால் தொங்கவிட்டு, பக்கத்தில் உஷ்ணமானியை வைத்துச் சூடேற்றிப் பார்த்தால் தீர்ந்தது. மூடியின் கதையோ இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு பவுண்டு அழுத்தமும் ஜலத்தின் கொதிநிலையைச் சுமார் ஒன்றரை டிகிரி சென்டிகிரேடு உயர்த்துகிறது என்பது உண்மை. அந்த ஆசையில் இக்காலக் கார்களின் 13 பவுண்டு மூடியை, 4 பவுண்டுக்கென்று பற்றவைத்த பழைய ரேடியேட்டரில் திருகினால், கொதிப்பு நிற்பதற்கு முன் தையல் விட்டுப்போகும்.

இழந்த ஜலத்தை மீட்பதற்கு இதைவிடச் சிறந்த வழியைப் பாலைவனமே கற்பித்தது. ரால்ஃப் பாக்னால்ட் என்ற ஆங்கில அதிகாரி யுத்தத்துக்கு முந்தைய தம் பாலைவனப் பிரயாணங்களில், ரேடியேட்டரின் வழிகுழாயை ஒரு தகர டப்பாவிலுள்ள தண்ணீருக்குள் கொண்டுபோய் விட்டார். வெளிவந்த ஆவி அதில் குளிர்ந்து நீராகித் தங்கும். இன்ஜின் ஆறியதும் உள்ளே உண்டாகும் வெறுமை அதையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். 1940-ல் அவர் எகிப்தில் அமைத்த நெடுந்தூரப் பாலைவனப் படையின் லாரிகளிலும், பின்னர் அங்கே அதிரடிப் படையினர் ஓட்டிய ஜீப்புகளின் முகப்பிலும் இந்த டப்பாவைக் காணலாம். போர்வெல் உப்பை நாள்தோறும் ஊற்றவேண்டிய அவசியத்தையே இது ஒழித்துவிடுவதால், பாலைவனத்தைவிடக் காரைக்காலுக்கே இது அதிகம் பொருந்துமோ என்று தோன்றுகிறது. பழைய வண்டியின் அசல் தோற்றத்தில் பிடிவாதமுள்ளவர்களும் இதை ஆட்சேபிக்க நியாயமில்லை. பட்டாளத்துச் சரித்திரமே இதற்குச் சாட்சி.

நிரப்பவேண்டிய ஜலம் பாட்டரிக்கு ஊற்றும் வடிநீராகவோ, ஓட்டில் முதல் மழை கழுவிப் போன பின் பிடித்த மழைநீராகவோ இருக்கட்டும். உறைபனியே காணாத ஊரில் கூலன்ட் திரவத்தைப் பாதிக்குப் பாதி கலப்பது வீண். அத்திரவத்திலுள்ள கிளைக்கால் சேரச் சேர உஷ்ணத்தைச் சுமக்கும் சக்தி குறையும். துருத்தடுப்புக்காக மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்தால் போதுமானது. முற்காலத்தில் இதற்காகக் கரையும் எண்ணெயைச் சிறிது சேர்ப்பதுண்டு. அது ரப்பர் ஹோஸ்களை ஊறவைத்துக் கெடுத்தது.

இவ்வளவும் செய்தும் குமிழி நிற்காத வண்டிகள் சில உண்டு. ஹெட்டைத் தூக்கி, கரியைத் துடைத்துப் பார்த்தால், வெளியேற்றும் வால்வின் இருப்பிடத்திலிருந்து சிலிண்டர் வாய் வரை மயிரிழைபோல் ஒரு வெடிப்பு ஓடியிருக்கும். ஒருமுறை ஜலமில்லாமல் ஓடிச் சிவக்கச் சூடேறியபோது, அந்த நிலையிலேயே யாரோ ஒரு வாளி தண்ணீரை ஊற்றியதன் விளைவு அது. சிறு வெடிப்பை உலோகத் திருகுகளால் ஒன்றன்மேல் ஒன்று தைத்து மூடும் நிபுணர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். வெடிப்பு ஜலவழியை எட்டிவிட்டால் அவர்களும் உத்தரவாதம் தருவதில்லை. அப்போது சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைகளில் வேறொரு பிளாக்கைத் தேடுவதே வழி. கிடைத்த பிளாக்கையும் வாங்குமுன், அது எந்த ஊர்த் தண்ணீர் குடித்தது என்பதை வெல்ஷ் பிளக்கைக் கழற்றி, உள்ளே விளக்கடித்துப் பார்த்துக்கொள்வது உத்தமம்.